இடைநிற்கும் முன்பே இனங்காணல்: சித்தூர், திருப்பதி பகுதிகளில் தொடக்கக் கல்வி

பள்ளியை விட்டு நிரந்தரமாக நின்றுவிடும் குழந்தை, அந்த முடிவைப் பல மாதங்களுக்கு முன்பே வருகைப் பதிவேட்டில் தெரிவித்துவிடுகிறது. முதலில் திங்கட்கிழமைகளில் வராமலிருக்கும். பின்னர் சந்தை நாட்களில். பின்னர் அறுவடைக் காலம் முழுவதும். மீண்டும் வரும்போது வகுப்பு வேறு பாடத்திற்குச் சென்றிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் அக்குழந்தை கடைசி வரிசையில் அமர்ந்து, பெரும்பாலும் பேசாமலேயே ஆண்டைக் கழிக்கும். ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்பிற்கு வேறு பள்ளிக்குச் செல்ல வேண்டிய நிலை வருகையில் அதன் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம் பெறாது. ஆண்டறிக்கையில் அது "இடைநிற்றல்" என்னும் தலைப்பின் கீழ் ஓர் எண்ணாகச் சேர்க்கப்படும்.

இவ்வாறு எண்ணாக மாறுவதற்கு முன்பே அக்குழந்தையை அடையாளம் காண இயலுமா, கண்டபின் அதற்கு உதவும் வழி யாது என்பவை கல்வித் துறையினர் மட்டுமின்றித் திட்டமிடுவோரும் கருத்தில் கொள்ளவேண்டிய வினாக்களாகும். தவறாத வருகை, வயதுக்கேற்ற படிப்புத் திறன், உடல் நலம், குடும்பத்தின் ஆதரவு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ குறைவதால் கல்வியைத் தொடர முடியாமற் போகக்கூடிய குழந்தைகளை "இடர்நிலைக் குழந்தைகள்" என இங்குக் குறிப்பிடலாம். ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் ஒட்டி அமைந்துள்ள சித்தூர், திருப்பதி பகுதிகள் இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பெரிதும் ஏற்றவை.

பகுதியின் இயல்பு

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-ம் நாள் உருவாக்கப்பட்டது. 1960-ல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்க்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4-ம் நாள் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மேற்கிலுள்ள மதனபள்ளி, பீலேரு பகுதிகள் புதிய அன்னமய்யா மாவட்டத்தில் இணைக்கப்பட்டன. நிர்வாக எல்லைகள் மாறினும் மக்களின் பிழைப்பு முறை மாறிவிடவில்லை. மழை குறைந்த மேற்கு மண்டலங்களில் நிலக்கடலை பொய்க்கும் ஆண்டுகளில் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலை தேடிச் செல்கின்றன. சித்தூரைச் சுற்றிலும் தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாங்காய் பெருமளவில் விளைகிறது. அதன் அறுவடையும் பழக்கூழ் ஆலைகளின் வேலையும் உச்சத்திலிருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் பள்ளி ஆண்டும் தொடங்குகிறது. இது தற்செயலான இடறலாயினும் அதன் விளைவு சிறியதன்று. ஆண்டின் முதல் ஆறு வாரங்களைத் தவறவிடும் முதல் வகுப்புக் குழந்தை எழுத்துகளின் அறிமுகத்தையே தவறவிடுகிறது.

நகரி, புத்தூர் வட்டாரங்களில் விசைத்தறிகள் வீடுகளுக்குள்ளேயே இயங்குகின்றன. நூல் சுற்றுவதிலும் தார் எடுத்துக் கொடுப்பதிலும் குழந்தையின் கை உதவினால் அதை யாரும் "குழந்தைத் தொழில்" என்று எண்ணுவதில்லை. கிழக்கே காளத்தி, சத்தியவேடு பகுதிகளில் வாழும் யானாதி பழங்குடியினர் ஏரி, வயல், மீன் குட்டை என வேலை கிடைக்குமிடத்திற்கு இடம்பெயர்கின்றனர். குழந்தைகளும் உடன் செல்கின்றனர். திருப்பதி நகரத்தின் நிலை வேறு. யாத்திரிகர் பெருங்கூட்டத்தை நம்பியுள்ள உணவு விடுதிகளும் சிறு கடைகளும் சிறுவர்களை ஈர்க்கின்றன. வீட்டை விட்டு வெளியேறிய பிற மாவட்டத்துச் சிறுவர்கள் வந்திறங்கும் இடமாகவும் அதன் ரயில் நிலையம் உள்ளது.

இவற்றோடு மொழியும் சேர்கிறது. சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் ஆகிய எல்லையோரப் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகள் பலர் தெலுங்கு வழிப் பள்ளியில் சேர்கின்றனர். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தருமாறு அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு 1956 முதல் வலியுறுத்தி வருகிறது. தமிழ் வழிப் பள்ளிகளும் இம்மாவட்டங்களில் உள்ளன. ஆயினும் எல்லாக் கிராமங்களிலும் அவ்வசதி இருக்க இயலாது. வீட்டில் கேட்காத மொழியில் பாடம் கேட்கும் குழந்தை முதல் ஆண்டில் மௌனமாயிருப்பதை அறிவுக் குறைவென ஆசிரியர் கருதிவிடுவது எளிது. இனங்காணும் பணியில் நேரும் பிழைகளுள் இதுவே மிகவும் பரவலானதும் எளிதில் தவிர்க்கக்கூடியதும் எனலாம். 2019-ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழியைக் கட்டாயமாக்க மாநில அரசு பிறப்பித்த ஆணையை உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ரத்து செய்தபோது நடைபெற்ற விவாதத்தில் எல்லையோரக் குழந்தையின் இச்சிக்கல் போதிய கவனம் பெறவில்லை.

அறிகுறிகள் யாவை?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பள்ளிகளில் நடைபெற்று 2007-ல் வெளியான ஆய்வொன்று, வருகை, நடத்தை, பாடத்தில் தேர்ச்சி ஆகிய மூன்றையும் கொண்டே ஆறாம் வகுப்பிலிருந்து பிற்காலத்தில் இடைநிற்கக்கூடிய மாணவர்களுட் பெரும் பகுதியினரை அறியலாம் எனக் காட்டியது. வருகை 80 சதவீதத்திற்குக் கீழே செல்வதும், கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ தேர்ச்சி பெறாமையும் அவ்வாய்வில் வலிமையான அறிகுறிகளாக அமைந்தன. இவை மூன்றும் நம் பள்ளிகளில் ஏற்கெனவே எழுதி வைக்கப்படுபவை. புதிய படிவம் எதுவும் தேவையில்லை.

ஆனால் நமது சட்டங்களும் திட்டங்களும் வருகையைக் கணக்கிடும் முறை இனங்காணலுக்கு உதவுவதாக இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். 75 சதவீத வருகை போதும் என்றால் 50 நாட்கள் வராமலிருக்கலாம் என்று பொருள். அதாவது எட்டு வாரங்களுக்கு மேல். மாங்காய் அறுவடைக் காலம் முழுவதும் வராத குழந்தையும் இக்கணக்கில் "முறையாக வருபவர்" ஆகிவிடும். பல நாடுகளில் 10 சதவீத நாட்கள் வராமலிருப்பதே நீடித்த வராமை எனக் கொள்ளப்படுகிறது. நம் கணக்கில் அது 20 நாட்கள். இந்த அளவை வைத்துக்கொண்டு ஜூலை இறுதியில் பதிவேட்டைப் புரட்டினாலே பெயர்கள் தெரிந்துவிடும்.

படிப்புத் திறனைப் பொறுத்தவரை 2005 முதல் நடத்தப்பட்டு வரும் அசர் கணக்கெடுப்பின் எளிய கருவி பயனுடையது. எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படிகள். ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே ஆகும். நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு மாணவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 2018-ல் 20.9 சதவீதமாக இருந்து, பெருந்தொற்றுக்குப் பின் 2022-ல் 16.3 சதவீதமாகச் சரிந்து, 2024-ல் 23.4 சதவீதமாக உயர்ந்தனர். இவ்வெண்களைப் பார்க்கையில் "இடர்நிலை" என்னும் சொல்லே ஐயத்திற்குரியதாகிறது. நால்வரில் மூவர் பின்தங்கியுள்ள வகுப்பில் குறை குழந்தையினுடையதா, பாடமுறையினுடையதா?

கண்பார்வை, செவித்திறன் குறைவுகள் தனியே கவனிக்கப்பட வேண்டும். கரும்பலகை தெரியாத குழந்தையைப் "படிப்பில் மந்தம்" என்று எழுதிவைத்த பதிவேடுகள் எத்தனையோ. ஆந்திரப் பிரதேச அரசு 2019 அக்டோபர் 10-ம் நாள் தொடங்கிய கண் பரிசோதனைத் திட்டம் பள்ளி மாணவர்களையே முதற்கட்டமாக எடுத்துக்கொண்டது பொருத்தமான முறையாகும். 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. மண்டல அளவில் இயங்கும் பவிதா மையங்களுக்கு இத்தகைய குழந்தைகளை அனுப்புவது ஆசிரியரின் முதற்கடமை. நோயின் பெயரைத் தாமே சூட்டுவது அவரது பணியன்று.

பட்டியலின் வரம்பு

கணினியின் உதவியால் இப்பட்டியலைத் தயாரிக்கும் முயற்சியிலும் ஆந்திரப் பிரதேசமே முன்னோடியாயிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் துணையுடன் மாணவரின் பாலினம், சமூகப் பொருளாதார நிலை, தேர்ச்சி, பள்ளியின் வசதிகள், ஆசிரியரின் திறன் முதலிய விவரங்களைக் கொண்டு இடைநிற்றல் முன்கணிக்கப்பட்டது. விசாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 2018-19 கல்வியாண்டில் நின்றுவிடக்கூடியவர்கள் எனச் சுமார் 19,500 பேர் சுட்டப்பட்டனர்.

இத்தகைய பட்டியலை அதிகாரிகள் பயன்படுத்தும்போது ஒரு சிறு கணக்கை நினைவிற் கொள்வது நலம். உதாரணமாக, 100 மாணவர் உள்ள பள்ளியில் உண்மையில் நின்றுவிடப் போகிறவர்கள் 10 பேர் எனக் கொள்வோம். கருவி அவர்களுள் 80 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது. மற்ற 90 பேருள் 20 சதவீதத்தினரைத் தவறாகச் சுட்டுகிறது. பட்டியலில் 8 பேரும் 18 பேருமாக 26 பெயர்கள் இருக்கும். அதாவது பட்டியலிலுள்ள மூவரில் இருவருக்கு மேல் நின்றுவிடப் போகிறவர்களே அல்லர். நிற்கப் போகிறவர்களுள் இருவர் பட்டியலிலேயே இல்லை. ஓரளவு நல்ல கருவியின் நிலையே இது. ஆகவே, தவறாகச் சுட்டப்பட்ட குழந்தைக்கும் தீங்கு விளைவிக்காத உதவியே தரத்தக்கது. கூடுதலாக ஒரு மணி நேரம் படிப்பது எக்குழந்தைக்கும் கெடுதல் செய்யாது. தனி வரிசை, தனி நிறப் புத்தகம், அறிவிப்புப் பலகையில் பெயர் ஆகியவை கெடுதல் செய்யும்.

இனங்கண்டு ஆசிரியரிடம் தெரிவித்தாலே போதுமா என்பதற்கும் இம்மாநிலத்திலேயே விடை கிடைத்துள்ளது. 2005-ம் ஆண்டு முதல் மாநில அரசு, அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, உலக வங்கி ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் தொடர் ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றுள் ஒன்றில், ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களைச் சோதித்து ஒவ்வொருவரின் குறைகளையும் விளக்கும் அறிக்கை ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்டது. வகுப்பறைகளும் அவ்வப்போது பார்வையிடப்பட்டன. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2010-ல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. பார்வையாளர் வந்தபோது அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்தனர். ஆனால் ஆண்டிறுதியில் மாணவரின் மதிப்பெண்ணில் மற்றப் பள்ளிகளைக் காட்டிலும் எந்த முன்னேற்றமும் இல்லை. நோயறிதல் மட்டும் மருந்தாகவில்லை. அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரிடம் அதைச் செயற்படுத்தும் நேரமும் முறையும் தூண்டுதலும் இல்லையெனில் அது அலமாரிக்கே செல்லும்.

இதற்கு மாறான அனுபவம் மும்பை, வதோதரா நகரங்களில் கிடைத்தது. பிரதம் அமைப்பின் பாலசகி திட்டத்தில், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகள் 15 முதல் 20 பேர் கொண்ட குழுவாகப் பிரிக்கப்பட்டு, அப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவரிடம் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றனர். முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதன் பெரும் பயன் கடைநிலையில் இருந்தவர்களுக்கே கிட்டியது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும், குழந்தைகளை வகுப்பால் அன்றித் திறனால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் 2022-ம் ஆண்டின் எண்ணும் எழுத்தும் திட்டமும் இதே நெறியைச் சார்ந்தவை.

ரிஷிவேலியின் ஏணி

பின்தங்கும் குழந்தைக்கான வழியொன்று பழைய சித்தூர் மாவட்டத்திலேயே உருவானது என்பதை இம்மாவட்டத்து ஆசிரியர்களுள் பலர் அறிவர். வெளியிலுள்ளோர் அதிகம் அறியார். மதனபள்ளிக்கு அருகில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியின் ஊரகக் கல்வி மையம், 1980-களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறு பள்ளிகளை நடத்தலாயிற்று. பத்மநாப ராவ், ரமா தம்பதியர் இப்பணியை வழிநடத்தினர். ஓர் ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புகளின் குழந்தைகள் என்னும் நிலையைக் குறையாகக் கருதாமல் அதற்கேற்ற பாடமுறையை அவர்கள் வகுத்தனர்.

அம்முறையில் பாடநூல் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னமும் எண்ணும் இருக்கும். சுவரில் தொங்கும் "கற்றல் ஏணி" எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைக் காட்டும். எழுத்தறியாத குழந்தையும் சின்னத்தைப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர் ஒரு குழு. ஓரளவு உதவி போதுமானவர் மற்றொன்று. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போர் வேறொன்று. தாமே பயில்வோர் இன்னொன்று. ஒரு படி முடிந்ததும் சிறு சோதனை. தேறாவிடில் அதே திறனுக்கு வேறு அட்டைகள்.

இடர்நிலைக் குழந்தையைப் பொறுத்தவரை இதன் சிறப்பு ஒரு சிறு செயலில் அடங்கியுள்ளது. ஆடு மேய்க்கச் சென்றோ அறுவடைக்குச் சென்றோ மூன்று வாரம் கழித்து வரும் குழந்தை, தான் விட்டுச் சென்ற அட்டையையே எடுத்துத் தொடங்குகிறது. வகுப்பு அதைத் தாண்டிச் சென்றிருக்கவில்லை. ஏனெனில் ஒரே சீராக நடக்கும் வகுப்பு என்பதே அங்கில்லை. எந்தக் குழந்தை எந்தப் படியில் எத்தனை நாட்களாக நிற்கிறது என்பது ஏணியைப் பார்த்த அளவில் ஆசிரியருக்குத் தெரியும். இனங்காணலும் உதவியும் இருவேறு வேலைகளாகப் பிரிக்கப்படாததே இம்முறையின் வலிமை.

1995-ல் மைசூர் மாவட்டத்தில் தொடங்கிய நலி-கலி திட்டம் ரிஷிவேலியின் வழியைப் பின்பற்றியதே. சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாக இதனைத் தொடங்கினார். 2007-08-ல் அது தமிழ்நாடெங்கும் பரவியது. பரவியபின் ஏற்பட்ட தளர்ச்சியும் குறிப்பிடத்தக்கது. அட்டைகள் கிழிந்தால் மாற்று வர வேண்டும், ஆசிரியர் ஏணியைப் புரிந்திருக்க வேண்டும், மேற்பார்வையாளர் "எந்தப் பாடம் நடக்கிறது?" என்று கேட்பதை நிறுத்தி "இந்தக் குழந்தை எங்கே நிற்கிறது?" என்று கேட்கப் பழகவேண்டும். மூன்றாவதே மிகக் கடினமானது.

பணமும் தூரமும்

குடும்ப வறுமைக்கு அரசு கண்ட பெரிய தீர்வான அம்ம ஒடி திட்டம் 2020 ஜனவரி 9-ம் நாள் சித்தூர் நகரிலேயே தொடங்கப்பட்டது. பள்ளிக்குக் குழந்தையை அனுப்பும் ஏழைத் தாய்க்கு ஆண்டுக்கு ரூ. 15,000 என்பது அதன் சாரம். 75 சதவீத வருகை நிபந்தனை. தாய் ஒருவருக்கு ஒரு குழந்தைக்கே உதவி என்பதால் இரண்டாவது, மூன்றாவது குழந்தை, குறிப்பாகப் பெண் குழந்தை, கணக்கில் வரவில்லை. 2025 ஜூனில் தொடங்கிய தல்லிகி வந்தனம் குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவி வழங்குவதன் மூலம் இக்குறையை நீக்கியது.

எனினும் வருகை நிபந்தனையின் பொருளாதாரத் தருக்கத்தில் ஒரு முரண்பாடு எஞ்சுகிறது. ஆண்டிறுதியில் வருகை குறைந்ததென்று உதவி மறுக்கப்படும் தாய்தான் இடர்நிலைக் குழந்தையின் தாய். நிபந்தனையை நீக்கினால் தூண்டுதல் குறையும்; கடுமையாக்கினால் தேவையுள்ளவர் விலக்கப்படுவர். வராத நாட்கள் 10 சதவீதத்தைத் தொட்டவுடனே, அதாவது உதவி மறுக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, கிராமச் செயலகத்தின் நலம், கல்வி உதவியாளர் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்டறிவாரானால் நிபந்தனை தண்டனையாக இராமல் எச்சரிக்கையாகப் பயன்படும். கிராமச் செயலகங்கள் 2019 அக்டோபர் முதல் இயங்கி வருவதால் இதற்குப் புதிய பதவி வேண்டியதில்லை.

தூரம் மற்றொரு காரணி. 2022-ல் பிறப்பிக்கப்பட்ட 117-ம் எண் அரசாணையின் கீழ் மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் பல இடங்களில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாற்றப்பட்டன. பாடத்திற்கொரு ஆசிரியர் கிடைப்பார் என்பது நோக்கம். எட்டு வயதுக் குழந்தை நெடுஞ்சாலையைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதைப் பெற்றோர் கணக்கிட்டனர். அவ்வாணை 2025-ல் கைவிடப்பட்டது.

இடம்பெயரும் குழந்தை

இன்றளவும் எந்த முறைக்கும் முழுமையாக அகப்படாதது இடம்பெயரும் குழந்தையே. சத்தியவேட்டிலிருந்து பெற்றோருடன் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைக்கோ, குப்பத்திலிருந்து பெங்களூருக்கோ செல்லும் குழந்தை பழைய பள்ளியில் "வராதவர்". புதிய ஊரில் யாருடைய பட்டியலிலும் இல்லாதவர். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணங்காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவு கூறுகிறது. 4-ம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்கிறது. தெலுங்கில் எழுதப் பழகிய குழந்தைக்குத் தமிழிலோ கன்னடத்திலோ அப்பயிற்சியை யார் தருவது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

2022-23 முதல் தேசியக் கல்வித் தகவல் முறையில் விவரங்கள் பள்ளிவாரியாக மட்டுமன்றி மாணவர்வாரியாகவும் சேகரிக்கப்படுகின்றன. எல்லை கடந்த குழந்தையை அடுத்த மாநிலத்தில் தேட இது வழி செய்யும். ஆனால் தேடுவதற்கு யாராவது ஒருவர் இருக்க வேண்டும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் எல்லை மண்டலக் கல்வி அதிகாரிகளும், அப்பாலுள்ள திருவள்ளூர், ராணிப்பேட்டை, வேலூர், கோலார் மாவட்டங்களின் அதிகாரிகளும் ஆண்டுக்கு இருமுறை, பள்ளி திறக்கும் ஜூனிலும் சூளை வேலை தொடங்கும் காலத்திலும், வராத குழந்தைகளின் பெயர்ப் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ளலாம். இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை; ஒரு கடிதப் போக்குவரத்தும், பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டு சூளைக்குச் சென்றுவர ஒரு நாளுமே தேவைப்படும்.